பழைய கேடிலாக், லிங்கன் காருக்குச் சரியான பார்ட்ஸ் வாங்குவது எப்படி?

மிச்சிகனில் நாலைந்து குளிர்காலம் கழித்தவர்களுக்கு இந்த ஆசை ஒருமுறையாவது வந்திருக்கும். தெருமுனை வீட்டு வாசலில் ஒரு பழைய கேடிலாக் டிவில் நிற்கும். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று அட்டை. தோல் இருக்கை, வி8 எஞ்சின், ஓட்டியவர் ஒரு பெரியவர், அதுவும் சர்ச்சுக்கும் மளிகைக் கடைக்கும் மட்டும். விலையோ பழைய கொரோல்லாவைவிடக் குறைவு. வாங்கிவிடுவோம். பார்ட்ஸ் தேடும் படலம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

நானும் அப்படி வாங்கியவன்தான். முதலில் ஆர்டர் போட்டது ஸ்பார்க் பிளக் வயர் செட். கதவுத் தூணில் இருந்த ஸ்டிக்கரில் தயாரித்த மாதம் 12/99 என்று போட்டிருந்தது. சரி, 1999 மாடல் என்று முடிவு கட்டிவிட்டேன். சனிக்கிழமை காலை பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினால், உள்ளே வயரே இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பிளக்குக்கு மின்பொறி தரும் நான்கு காயில்கள், நேரே பிளக்குகளின் தலைமேல் உட்கார்ந்திருந்தன. என் காரில் இருப்பது கேடிலாக்கின் நார்த்ஸ்டார் வி8 எஞ்சின், அதில் 2000 மாடலோடு வயருக்கு வேலை போய்விட்டது. என் கார் 1999 டிசம்பரில் பிறந்த 2000 மாடல்!

அந்த அசட்டுத்தனம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவையே இதில் அதிகம்.

படி 1: வின் நம்பரைப் படியுங்கள்

டிரைவர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் மூலையில், வெளியிலிருந்தே தெரியும்படி வின் நம்பர், அதாவது காரின் அடையாள எண், பொறித்த ஒரு தகடு இருக்கும். 1981 மாடலில் இருந்து எல்லா அமெரிக்கக் கார்களிலும் அது 17 எழுத்து. ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள். 1-ஜி-6 என்று தொடங்கினால் கேடிலாக், 1-எல்-என் என்றால் லிங்கன்.

நமக்கு முக்கியம் இரண்டே இடம். எட்டாவது எழுத்து எஞ்சின், பத்தாவது எழுத்து மாடல் வருடம். 2000 மாடலுக்கு ஒய், 2001 முதல் 2009 வரை அந்தந்த வருடத்தின் கடைசி இலக்கம், 2010-க்கு ஏ. என் காரின் நம்பரில் எட்டாவதும் ஒய், பத்தாவதும் ஒய். முதல் ஒய் 275 குதிரைசக்தி எஞ்சினைச் சொல்கிறது, இரண்டாவது ஒய் வருடத்தை. அதே வருடத்து டிவில் டி.டி.எஸ்ஸில் எட்டாவது இடத்தில் 9 இருக்கும். அது 300 குதிரைசக்தி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். அதனால் கடையில் 'என்ன வருடம்?' என்று கேட்டால் மாடல் வருடத்தைச் சொல்லுங்கள், எஞ்சின் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1981-க்கு முந்தைய காரென்றால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முறை. அந்தக் காரின் ஷாப் மேனுவலில் அதைப் பிரித்துப் படிக்கும் பக்கம் இருக்கும்.

படி 2: டிக்கியைத் திறங்கள்

என் கார் காலத்து கேடிலாக்கில் டிக்கிக்குள், ஸ்டெப்னி பக்கமாக, ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தேடுங்கள். மூன்று மூன்று எழுத்தாகக் கட்டம் கட்டமாக இருக்கும். தொழிற்சாலையில் அந்தக் காருக்கு என்னென்ன போட்டார்கள் என்பதற்கான குறியீடுகள் அவை. எல்.டி.8 என்றால் மேலே சொன்ன 275, எல்37 என்றால் 300. எஃப்45 என்று ஒன்று கண்ணில் பட்டால் கொஞ்சம் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்: ஷாக் அப்சார்பர் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவது, விலையும் அதற்கேற்ற விலை. சாதாரண ஷாக்கை மாட்டினால் டேஷ்போர்டு எச்சரிக்கை காட்டி நச்சரிக்கும்.

லிங்கனில் கதவு ஸ்டிக்கரிலேயே பின் ஆக்ஸில், ஸ்பிரிங் குறியீடுகள் வந்துவிடும். எதுவானாலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காரின் சொந்தபந்தத்தைத் தேடுங்கள்

வரலாறு நமக்குப் பணம் மிச்சம் பிடித்துத் தரும் இடம் இதுதான்.

ஒரு காரின் பார்ட்டை இன்னொன்றில் மாட்டலாம் என்பதை உலகத்துக்குக் காட்டிய பெயர்களில் முதன்மையானது கேடிலாக். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்முன்னே மூன்று கேடிலாக்குகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். அதில் 89 பாகங்களை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, டீலரின் கையிருப்பில் இருந்து புதிதாகப் போட்டார்கள். அரம் கிடையாது, தேய்ப்பு கிடையாது. திரும்ப மாட்டிய மூன்று கார்களும் 500 மைல் ஓடின. அந்தக் கிளப்பின் டியூவர் கோப்பை கிடைத்தது. ஒவ்வொரு பாகத்தையும் கையால் உரசிப் பொருத்திய காலம் அது.

அதற்குப் பின்னால் இருந்தவர் ஹென்றி லீலண்ட். ஆயுதத் தொழிற்சாலையிலும் நுண்கருவிப் பட்டறையிலும் கைபழகியவர். 1902-இல் ஹென்றி ஃபோர்டு விட்டுப்போன ஒரு கம்பெனியை மூடப் பார்த்த முதலாளிகளைத் தடுத்து, கேடிலாக்காக மாற்றியது அவர்தான். 1909-இல் அதை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. 1917-இல் வெளியேறி, போர் விமானங்களுக்கு லிபர்ட்டி எஞ்சின் செய்ய லிங்கனைத் தொடங்கினார். தான் முதன்முதலில் ஓட்டுப்போட்ட ஆபிரகாம் லிங்கனின் பெயரையே வைத்தார். 1922-இல் அது கடனில் மூழ்க, 80 லட்சம் டாலருக்கு ஃபோர்டு வாங்கிக்கொண்டது. ஆக, இரண்டு சொகுசு பிராண்டுகளையும் பெற்றவர் ஒருவர். வளர்த்தவர்கள் இரண்டு பெரிய கம்பெனிகள்.

வளர்ப்பு வீட்டில் என்ன நடக்கும்? அடுப்பங்கரை ஒன்று, பரிமாறும் தட்டுதான் வேறு. சொகுசு காருக்குள் இருக்கும் பல பாகங்கள் அதே வீட்டு மலிவுக் காரிலும் இருக்கும். லிங்கன் டவுன் காரின் அடிச்சட்டம் ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவினுடைய அதே குடும்பம். கிரவுன் விக்டோரியா அமெரிக்கா முழுக்க போலீஸ் காராகவும் டாக்ஸியாகவும் ஓடிய வண்டி, அதன் பார்ட்ஸ் தெருவுக்குத் தெரு கிடைக்கும். டவுன் காரின் 4.6 லிட்டர் வி8-இல் 1996 முதல் 2001 வரை வந்த பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்), எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் போகும் முன்பகுதியில் விரிசல் விடும். அந்த இடத்தில் அலுமினியம் வைத்த மாற்று மேனிஃபோல்டு விற்கிறார்கள். அதைக் 'கிரவுன் விக்டோரியா 4.6' என்று தேடினாலும் வந்து விழும்.

நார்த்ஸ்டாருக்கும் சொந்தம் உண்டு. பாண்டியாக் பானவில் ஜி.எக்ஸ்.பி.யிலும் பியூக் லூசெர்னிலும் 4.6 நார்த்ஸ்டார் வந்தது. ஓல்ட்ஸ்மொபில் ஆரோராவில் இருந்தது அதன் 4 லிட்டர் தம்பி. இன்னும் பின்னால் போனால், 1961 லிங்கன் கான்டினென்டலின் 430 கன அங்குல எஞ்சினை எம்.இ.எல். என்பார்கள், மெர்குரி, எட்செல், லிங்கன் என்று குடும்ப அட்டையே பெயரில் இருக்கிறது. பேக்கார்டு என்ற இன்னொரு சொகுசு பிராண்டு 1958-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அதன் வி8 எஞ்சின் 1955, 56 வாக்கில் நேஷ், ஹட்சன் கார்களிலும் ஏறியது. பேக்கார்டு என்ற பெயரில் கிடைக்காததை அந்தப் பெயர்களில் தேடிப் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது லிங்கன் வெர்சாய். ஃபோர்டு கிரனடாவுக்குக் கோட்டு சூட்டு மாட்டி 1977-இல் விட்டார்கள், 1980-உடன் நிறுத்திவிட்டார்கள். காரை யாரும் சீந்தவில்லை. ஆனால் அதன் பின் ஆக்ஸிலில் டிஸ்க் பிரேக் இருந்ததால், ஃபோர்டு முஸ்டாங் வைத்திருந்த பையன்கள், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஜங்க்யார்டில் அதைத் தேடித் தேடிக் கழற்றிப் போனார்கள்.

ஒரு எச்சரிக்கை. சொந்தம் கண்ணுக்குத் தெரியாத பாகங்களில்தான். ஹெட்லைட், கிரில், கதவு ஓரப் பட்டை, மரம் போல மினுக்கும் டேஷ் பலகை எல்லாம் அந்தக் காருக்கே உரியவை. அவற்றில்தான் காசு கரையும்.

படி 4: பார்ட் நம்பரைப் பிரியுங்கள்

ஃபோர்டு குடும்பத்தின் பழைய நம்பர் மூன்று துண்டு. சி1விஒய்-8501-ஏ என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். சி என்றால் அறுபதுகள், 1 என்றால் 1961, வி என்றால் லிங்கன். 8501 என்பது வாட்டர் பம்ப். எந்தக் காரானாலும் ஃபோர்டில் வாட்டர் பம்புக்கு அதே நம்பர்தான். 11002 ஸ்டார்ட்டர், 9424 இன்டேக் மேனிஃபோல்டு. கடைசித் துண்டு அந்தப் பாகத்தின் திருத்தத்தைச் சொல்லும். எழுபதுகளுக்கு டி, எண்பதுகளுக்கு இ. முதல் துண்டு அந்தப் பாகம் எப்போது, எதற்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். பின்னால் வந்த கார்களிலும் அதே பாகம் உட்கார்ந்திருக்கலாம்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: இரும்பில் வார்த்திருக்கும் நம்பரும் கடையில் ஆர்டர் போடும் நம்பரும் பெரும்பாலும் ஒன்றல்ல. வார்ப்பு நம்பரை வைத்து அடையாளம் காணலாம், வாங்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் நம்பரில் இந்த மாதிரிக் கதை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், வெறும் இலக்கங்கள். பழைய நம்பரை ரத்து செய்து புதியது கொடுத்திருந்தால், பார்ட்ஸ் கவுன்டரில் பழையதைச் சொன்னாலே புதியதை எடுத்துக் கொடுப்பார்கள்.

படி 5: பெட்டியின் மேல் இருக்கும் பெயர்

கேடிலாக்குக்கு ஏ.சி.டெல்கோ, லிங்கனுக்கு மோட்டார்கிராஃப்ட். இவை வெளிக் கம்பெனிகள் அல்ல, வீட்டுப் பெயர்கள்தான். ஏ.சி. என்பது ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரின் முதலெழுத்து. டெல்கோ என்பது சார்லஸ் கெட்டரிங் டேட்டனில் நடத்திய ஆய்வுக்கூடத்தின் சுருக்கம். 1912 கேடிலாக்குக்கு மின்சார ஸ்டார்ட்டர் அங்கிருந்துதான் வந்தது. மோட்டார்கிராஃப்ட்டின் கதை கோர்ட்டுக் கதை. ஃபோர்டு 1961-இல் ஆட்டோலைட்டை வாங்கியது, 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை விற்கச் சொல்லிவிட்டது, கையில் பெயர் இல்லாமல் நின்ற ஃபோர்டு மோட்டார்கிராஃப்ட்டை முன்னால் நிறுத்தியது.

என் வழக்கம்: சென்சார், காயில், தெர்மோஸ்டாட் இவற்றுக்கு வீட்டுப் பெயர்தான். பிரேக் பேட், பெல்ட், ஃபில்டருக்கு எந்த நல்ல பிராண்டும் போதும்.

படி 6: பார்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்

சுயமாக ஸ்டார்ட் ஆகும் காரை உலகுக்குக் கொடுத்த கேடிலாக், நார்த்ஸ்டாரில் ஸ்டார்ட்டரை எங்கே வைத்தது தெரியுமா? எஞ்சினின் இரண்டு கைகளுக்கும் நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு எவ்வளவு டார்ச் அடித்தாலும் கண்ணில் படாது.

ஆகவே ஸ்டார்ட்டர் மட்டும் வாங்கினால் போதாது. மேனிஃபோல்டைத் தூக்குவதால் இடுக்கில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் வேண்டும். 2000 டிவில்லில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். முதலில் சீட்டைத் தூக்கி நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எஞ்சின் முழுதாக ஆறட்டும். பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்குங்கள். மேனிஃபோல்டு வெளியே வந்ததும் திறந்து கிடக்கும் துளைகளில் சுத்தமான துணியை அடையுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. பெட்ரோல் லைனில் கைவைக்கத் தயக்கமாக இருந்தால் பார்ட்டை நீங்கள் வாங்கி, வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், வெட்கமே இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. கூலண்ட் காரணம் தெரியாமல் குறைகிறதா என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு நார்த்ஸ்டாருக்குச் செலவு செய்யுங்கள். அலுமினிய பிளாக்கில், எஞ்சினின் தலைப்பகுதியைப் பிடித்திருக்கும் ஹெட் போல்ட்டின் மரை கழன்று ஹெட் கேஸ்கெட் போவது இதன் பேர்போன நோய். போல்ட்டை 2000-இல் நீளமாக்கினார்கள், 2004-இல் மரையைப் பெரிதாக்கினார்கள். அந்த நோய் வந்த காருக்குப் புது ஸ்டார்ட்டர் வாங்குவது வீண்.

டவுன் காரென்றால் ஜாக்கி போடுமுன் டிக்கிக்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் சுவிட்சை அணையுங்கள். மறந்தால் பின்பக்கத்து ஏர் ஸ்பிரிங் கெட வாய்ப்பு உண்டு.

படி 7: வாங்குங்கள், பழையதை வைத்திருங்கள்

ஆன்லைனில் வின் நம்பரைப் போட்டே தேடுங்கள். ஜங்க்யார்டுக்குப் போவதானால் ஹாலண்டர் நம்பர் கேளுங்கள். எந்தெந்தக் காரின் பாகம் எதற்குப் பொருந்தும் என்று வரிசைப்படுத்திய பட்டியல் அது, படி 3-இல் நாம் தேடிய சொந்தபந்தம் அதில் நம்பராக இருக்கும்.

ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவற்றுக்கு பில்லில் 'கோர்' என்று ஒரு தொகை தனியாக ஏறியிருக்கும். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வரும். புதியதை வெளியே எடுத்ததும் பழையதுக்குப் பக்கத்தில் வையுங்கள், பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், போல்ட் துளைகளை ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றே என்றால் மாட்டுங்கள். கடையில் திருப்பிக் கொடுக்க, பழையதை அதே பெட்டியில் போட்டு, பில்லையும் உள்ளே வைத்து, காரின் டிக்கியில் வைத்துவிடுங்கள். கராஜ் அலமாரியில் வைத்தால் அடுத்த குளிர்காலம் வரை அங்கேயே கிடக்கும்.