மூக்குக்குக் காண்டூர்: அப்பத்தா கரி என்று துடைக்க வந்த கதை

போன தை மாசம் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். கானாடுகாத்தான் வீட்டில், உள்கட்டு அறையில், ஒரே ஒரு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மூக்குக்குக் காண்டூர் போட்டேன், அதாவது மூக்கு எடுப்பாகத் தெரிய இரண்டு பக்கமும் பழுப்பில் நிழல் தீட்டினேன். கண்ணாடியில் மூக்கு கத்தி மாதிரி இருந்தது. அந்தப் பெருமையோடு கதவைத் தாண்டி வளவுக்கு, வீட்டு நடு முற்றத்துக்கு, வந்தால், பத்து மணி வெளிச்சம் மேலேயிருந்து நேராக மூஞ்சியில் விழுகிறது. பட்டாலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தா, மூக்குல ரெண்டு பக்கமும் என்ன கரி? அடுப்படிப் பக்கம் போனியா?" என்று முந்தானையை எடுத்துக்கொண்டு துடைக்கவே வந்துவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று மாசம் போட்டுப் போட்டு அழித்துத்தான் இது கைக்கு வந்தது. ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் பூசுகிற அடிப்பூச்சு) வரைக்கும் உங்களுக்குப் போடத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். செல்ஃபி பார்த்து உங்கள் மூக்கை எடை போடாதீர்கள். ஒரு அடி தூரத்தில் பிடித்து எடுக்கிற செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாக விழும் என்று 2018ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஐந்தடி தள்ளி நின்று இன்னொருவரை எடுக்கச் சொன்னால் அந்த வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போய்விடும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் போடத் தோன்றினால் போடுங்கள். என் மூக்கு எங்கள் அப்பச்சி மூக்கு. அதை ஒளித்து வைக்க எனக்கு ஆசையில்லை. கல்யாண ஆல்பத்தில் நடு எலும்பு கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்தால் போதும்.

உட்காருகிற இடம்

பல்புக்கடியில் போடவே போடாதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பு நிறம் தோலோடு தோலாகக் கரைந்து தெரியும். சரியாக விழவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அப்பிவிடுவோம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் கனம், ஜன்னல் சின்னது, அறைக்குள் பகலிலும் இருட்டு. அதனால் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு வந்துவிடுங்கள். வெயில் படுகிற இடத்தில் வேண்டாம். தூணோரம் நிழலில், முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் முகம் முழுக்கச் சமமாக விழும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போதும். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்.

நிறம்

காண்டூர் என்றால் நிழல். நிழலில் ஆரஞ்சு கிடையாது, மினுமினுப்பும் கிடையாது. வெயில் பட்ட மாதிரி நிறம் காட்டுகிற பிரான்சர் வேறு, காண்டூர் வேறு. நான் முதலில் வாங்கியது பிரான்சர். மூக்கு வெயிலில் கருகிய மாதிரி இருந்தது. இரண்டாவது வாங்கியது வெள்ளைத் தோலுக்கென்று செய்த சாம்பல் கலந்த பழுப்பு. அது நம் மாநிறத்தில் திருநீறு பூசிக் கலைந்தது போல இருந்தது. நமக்கு வேண்டியது, சொந்த நிறத்தைவிட ஒன்றோ இரண்டோ ஷேடு மட்டும் கறுத்த, சிவப்பும் இல்லாத சாம்பலும் இல்லாத மேட் (மினுக்கில்லாத) பழுப்பு. கடையில் மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள், தாடையோரம் தடவிவிட்டு வாசலுக்கு வந்து பாருங்கள்.

ஆறு நிறம் வைத்த பேலட் வாங்காதீர்கள். ஒன்றுதான் தேயும், மீதி ஐந்தும் அப்படியே கிடக்கும். நான் இப்போது போடுவது ஒற்றை மேட் ஐஷேடோதான். பிரஷும் ஐஷேடோவை பிளெண்ட் செய்கிற (ஓரம் தெரியாமல் கரைக்கிற) சின்ன பிரஷ்: நுனி உருண்டு, முடி கொஞ்சம் தளர்வாக, சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இல்லாமல். மூக்குக்கென்றே விற்கிற சாய்வெட்டு பிரஷ் கோடு போடத்தான் உதவும். நமக்குக் கோடு வேண்டாமே!

கிரீமா, பவுடரா? ஆரம்பத்தில் பவுடர். கிரீம்தான் என்று அடம்பிடித்தால், முகத்துக்குப் பவுடர் போடுவதற்கு முன்னாலேயே கிரீமை முடித்துவிடுங்கள். பவுடருக்கு மேல் கிரீம் வைத்தால் நமத்த அப்பளம் மாதிரி திட்டுத் திட்டாக எழும்பும். அனுபவித்துச் சொல்கிறேன்.

கோடு எங்கே விழவேண்டும்

நான் சறுக்கினது இங்கேதான், அதனால் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மூக்கு முடிந்து கன்னம் ஆரம்பிக்கிற ஓரத்தில்தான் நிழல் வைக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அங்கே வைத்தால் நடுவில் இருக்கிற வெளுப்பு முழுக்க மூக்காகத் தெரியும். சின்ன மூக்குகூட அகலமாகிவிடும். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மூக்குத் தண்டை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். மேலே தட்டையாக ஓடி, சட்டென்று சரிவாக இறங்குகிற விளிம்பு ஒன்று இரண்டு பக்கமும் தட்டுப்படும். நிழல் அந்த விளிம்பை ஒட்டி, சரிவுப் பக்கம் விழவேண்டும். நடுவில் விடுகிற இடம் எனக்கு மூன்று தீக்குச்சியைச் சேர்த்து வைத்த அகலம். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியாக இறங்கட்டும். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கினால் நேரே பார்க்கும்போது அழகு, தலையைத் திருப்பினால் கோணல்.

பிரஷில் தொட்டதும் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். புருவத்தின் உள்முனைக்குக் கீழே, கண்ணோரம் குழிந்திருக்கிற இடத்தில் ஆரம்பித்து, காற்றில் எழுதுகிற மாதிரி அழுத்தாமல் கீழே இழுங்கள். புருவத்தோடு நிழல் கலந்துவிட வேண்டும். புருவத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் முகமூடி மாட்டின மாதிரிதான்.

அடுத்தது பிளெண்ட். அந்தக் கல்யாணத்தன்று நான் விரலால் குறுக்கே தேய்த்தேன், மூக்கு மொத்தமும் பழுப்பாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட இன்னும் ரெண்டு கோடு போட்டேன். அப்பத்தா கண்ட கரி அதுதான். செய்யவேண்டியது என்னவென்றால், எதுவும் தொடாத சுத்தமான இன்னொரு பிரஷை எடுத்து, கோட்டின் கன்னப் பக்கத்து ஓரத்தை மட்டும் கீழ்நோக்கிச் சின்னச் சின்னதாக வருடவேண்டும். அந்த ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியக்கூடாது. தண்டுப் பக்கத்து ஓரம் லேசாக நிற்கலாம். உள்பக்கமாக மட்டும் இழுக்கவே கூடாது. பிறகு எழுந்து கண்ணாடியைவிட்டு மூன்று எட்டு பின்னால் வந்து பாருங்கள். கோடு கோடாகவே தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை. கூடிப்போச்சா? அழிக்காதீர்கள். ஃபவுண்டேஷன் ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்சால் மேலே ஒற்றி எடுங்கள், தானாக அடங்கும்.

நாடக மேடையில் அரிதாரம் பூசுகிறவர்கள் மூக்கோரம் அழுத்தமாகக் கோடு வைக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்களை இருபது முப்பது அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். கல்யாண வீட்டில் சித்தி மூக்குக்கு மூக்கு நின்றுதான் பேசுவார்.

இந்த முறையில் போட்டுக்கொண்டு சித்திரையில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். அப்பத்தா உற்றுப் பார்த்துவிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்குனியாக்கும், மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்றார்.

நுனியும் ஹைலைட்டும்

முதல் ஒரு மாசம் நுனியைத் தொடாதீர்கள். தண்டு பழகின பிறகு, நுனி உருண்டையாக இருக்கிறவர்கள் அந்த உருண்டையின் இரண்டு பக்கமும் பிரஷ் நுனியால் ஒரு பொட்டு வைத்துக் கரைக்கலாம். நீள மூக்கென்று நினைப்பவர்கள் நுனிக்கு அடியில் மட்டும் லேசாகத் தொடலாம்.

மேடான இடத்தை வெளுப்பாக எடுத்துக் காட்டுகிற ஹைலைட்டுக்கு மினுக்கு வேண்டாம். நம் ஊர் வேக்காட்டில் ஒரு மணி நேரத்தில் மூக்கு தானே எண்ணெய் விட்டு மினுங்கும். அதற்கு மேல் ஷிம்மரும் சேர்ந்தால் குத்துவிளக்குதான். ஒரு ஷேடு வெளுத்த கன்சீலரை (கருவளையம், தழும்பு மறைக்கப் போடுகிற கிரீம்) நடுத்தண்டில் மெல்லிய கோடாக இழுத்து, நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, விரலால் ஒற்றுங்கள். நுனி வரை கொண்டுபோனால் மூக்கு நீண்டு தெரியும்.

மூக்குத்தி

யூடியூபில் நான் பார்த்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. மூக்குத்தியைச் சுற்றிப் பவுடர் சேர்ந்து, வியர்த்ததும் வட்டமாகக் கறுக்கும். திருகாணி லேசில் கழன்றால் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். கழலாது என்றால் அந்த இடத்தை விட்டுச் சுற்றிப் போட்டு, கடைசியில் காது குடைகிற பஞ்சுக்குச்சியால் கல்லோரத்தைத் துடையுங்கள். ஏழுகல் மூக்குத்தி போடுகிறவர்கள் அந்தப் பக்கம் நிழலைக் குறைத்தே வைக்கலாம். கண் கல்லுக்குத்தான் போகும். புதிதாகக் குத்தின மூக்கென்றால் புண் ஆறும்வரை அந்தப் பக்கமே மேக்கப் வேண்டாம்.

வியர்வை

தூளாக இருக்கிற செட்டிங் பவுடரை ஸ்பாஞ்சால் அழுத்தி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். பந்தியில் உட்கார்ந்து ரசம் குடித்தால் மூக்கு நுனிதான் முதலில் வியர்க்கும். டிஷ்யூவை வைத்து எடுக்கவேண்டும், கர்ச்சீப்பால் இழுத்துத் துடைத்தால் அரை மணி நேர வேலை அதிலேயே போய்விடும். இன்னொன்று: சில வெள்ளைப் பவுடர்களும், துத்தநாகம் கலந்த சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் பட்டால் படத்தில் வெள்ளையாக அடிக்கும். மண்டபத்துக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

தேவகோட்டையில் இருக்கிற சிநேகிதி இதைப் பார்த்துப் போட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் வெள்ளையா ஓட்டை விழுந்துருச்சுடி" என்று போன் போட்டாள். அவள் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். கண்ணாடியின் சின்ன பேடு இரண்டும் சரியாகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து, மேக்கப்பை ஒற்றி எடுத்துவிட்டிருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் பேடு உட்காரும் இடத்தில் ஃபவுண்டேஷனையே மெல்லிசாகப் போட்டு, நிழலை அதற்குக் கீழே ஆரம்பியுங்கள். மேல்பாதியில் கண்ணாடி ஃபிரேமின் நிழலே விழும்.

நல்ல கறுப்பு நிறம், எந்தக் காண்டூரும் தெரியவே மாட்டேன் என்கிறது என்று இன்னொரு பெண் கேட்டாள். நிழலை விட்டுவிடச் சொன்னேன். தண்டின் நடுவில் ஒரு ஷேடு வெளுத்த கன்சீலர் மட்டும் வைத்து ஒற்றினாலே எலும்பு எடுத்துக் காட்டும். அவளுக்கு இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது, அந்தப் பொறாமை எனக்கு இன்னும் இருக்கிறது.