காசி யாத்திரையில் உடம்பு கெடாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசி, கயா, பிரயாகை என்று ஆட்களை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்களும் சரி, முதல்முறை வடக்கே கிளம்பும் குடும்பங்களும் சரி, ஆரம்பத்தில் நாங்கள் அடித்த கூத்தை அப்படியே திரும்ப அடிக்கிறார்கள். சாப்பிடும் முன் கை கழுவு, ஈ மொய்த்ததைத் தொடாதே என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே கோட்டை விடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பாட்டில் தண்ணீர் வாங்கிவிட்டோம் என்ற தைரியம்

குடிக்க சீல் உடைக்காத பாட்டில். நல்லது. அப்புறம் அதே ஆள் விடுதிக் குழாய்த் தண்ணீரில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கிறார். சாயங்காலம் சந்துக்கடையில் ஐஸ் போட்ட லஸ்ஸி குடிக்கிறார். ஐஸாக உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடாது.

சட்னியை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. இட்லி ஆவியில் வெந்து சுடச்சுட வருகிறது, அதில் பயமில்லை. பக்கத்து வாளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னி விடிகாலையில் அரைத்தது. கூட்டம் கூடக் கூடப் பச்சைத் தண்ணீர் விட்டு நீட்டிக்கொண்டே போவார்கள். கொதிக்கிற சாம்பார் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். காசியில் ஹனுமான் காட், கேதார் காட் பக்கம் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும்தான். ஆனால் தமிழ்ச் சட்னியும் அந்த ஊர்த் தண்ணீரில்தான் அரைபடுகிறது.

பத்ரிநாத் வரை போகிறவர்களுக்கு ஒன்று. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கீழே 1 நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் விடுங்கள்.

கட்டுச்சோறு

புளியோதரை சரி. தேங்காய் சாதம் வேண்டாம். எதுவானாலும் சூட்டோடு மூடிக் கட்டாதீர்கள். வெதுவெதுப்பான சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். வாந்தியைக் கிளப்பும் அதன் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது.

ஓஆர்எஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காதது

ஓஆர்எஸ் என்பது வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் பொடி. என்னை இன்றைக்கும் கோபப்படுத்துவது இதுதான்.

கயாவில் பிண்டம் போட்டுவிட்டு வந்த அன்று இரவு ஒரு பெரியம்மாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டான். நடுராத்திரி என்னை எழுப்பி, "அண்ணே, ரெண்டு பாக்கெட் கலக்கிக் குடுத்துட்டேன், அப்படியும் நிக்கல" என்றான். போய்ப் பார்த்தால் கையில் அரை லிட்டர் பாட்டில். அதில் இரண்டு பெரிய பாக்கெட். "உப்புக் கரிக்குதுப்பா, தொண்டையில இறங்கல" என்று அந்தம்மா சொல்லியிருக்கிறார். மருந்து அப்படித்தான் இருக்கும் என்று இவன் சமாதானம் சொல்லிக் குடிக்க வைத்திருக்கிறான். 2 லிட்டரில் கரைய வேண்டியது அரை லிட்டரில். மறுநாள் ஆஸ்பத்திரி. குழு மொத்தமும் ரயிலை விட்டது, புது டிக்கெட் கையைக் கடித்தது.

பையனைத் திட்டியும் பயனில்லை. நம் மருந்துக்கடைகளில் இரண்டு அளவு விற்கிறது. 21 கிராம் சுமாருக்கு வரும் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. சின்னதைப் பார்த்துப் பழகியவர்கள் பெரியதையும் டம்ளரில் கொட்டுகிறார்கள். பின்பக்கம் அளவு அச்சாகியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

அளவு ஏன் முக்கியம்? குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்துதான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். வயிற்றுப்போக்கிலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. கரைசல் கெட்டியானால் காரியம் தலைகீழ். உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் குடல் வெளியே இழுத்துவிடும். ரத்தத்தில் உப்பு ஏறும், குழந்தைகளுக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். கோலா, பாட்டில் ஜூஸ் கொடுப்பதிலும் இதே ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம். கோலாவில் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல்.

டெட்ரா பாக்கெட்டைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அந்த அளவுக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரைப் போட்டுக்கொண்டு பல வருடம் விற்றன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

இன்னொரு கூட்டம், "பொடியில என்ன இருக்கு, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நிற்கும். 1971இல் வங்காள எல்லையில் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது நரம்பில் ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலானாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாயில் வைத்து, கூட இருந்த உறவுக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4க்கும் கீழே வந்தது. அந்தப் பொடிதான் இது.

ரயிலில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் என் அளவுப் பாத்திரம். புதுப் பாட்டிலைத் திறந்து, சுத்தமான சொம்பில் முழுவதும் ஊற்றி, ஒரு பெரிய பாக்கெட்டை முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொடி, பாதித் தண்ணீர் என்று கண்ணளவுக் கணக்கே கூடாது. ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் எங்கோ தப்பு. பெரியவர்களுக்கு ஒவ்வொரு தடவை போனதும் ஒரு டம்ளர். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 24 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள்.

குடித்ததும் போக்கு நின்றுவிடாது. நிறுத்துவது அதன் வேலையே இல்லை, இழந்த நீரை ஈடுகட்டுவதுதான் வேலை. "சுகர் இருக்கு, இனிப்பு வேண்டாம்" என்பவர்களுக்கு: ஒரு டம்ளரில் 3 கிராம் குளுக்கோஸ்கூட இல்லை. ஆனால் சுகர், பிரஷர், நீர் பிரிய மாத்திரை போடுகிறவர்கள் அன்றே தங்கள் டாக்டருக்குப் போன் செய்துவிட வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது சிலவற்றை நிறுத்தி வைக்கச் சொல்வார். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், அரை நாளாக மூத்திரம் போகாதது, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராதது, இதில் எது தெரிந்தாலும் பொடியை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பது

கூடவே கூடாது. பெரியவர்களுக்கும் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் கூடாது. மருந்துக்கடைக்காரர் வெட்டிக் கொடுக்கும் நாலு ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

பஸ் ஏறப் போகிறோம் என்று தண்ணீரைக் குறைப்பது

பெண்கள் செய்வது. அவர்கள் மேல் குற்றமில்லை, வழியில் இருக்கும் கழிப்பறைகள் அந்த லட்சணத்தில் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் மூன்றாம் நாள் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவது குழு நடத்துகிறவரின் வேலை. கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்களாக நிறுத்துங்கள்.

சானிடைசர் இருக்கிறதே என்று சோப்பை விடுவது

வாந்தி, வயிற்றுப்போக்கைக் கிளப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்பு எடுத்துப் போங்கள்.

இருமுகிறவரைக் கடைசி சீட்டுக்கு அனுப்புவது

ஏசி பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரே காற்று. மாஸ்க் கொடுங்கள், வண்டி நிற்கும்போதெல்லாம் கதவைத் திறந்து வையுங்கள்.

கிளம்பும் முதல்நாள் ஊசி போட்டுக்கொள்வது

டைபாய்டு, ஃப்ளூ ஊசிகள் வேலை செய்ய 2 வாரம் வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை கிருமி உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் கங்கைச் சொம்பு பூஜையறைக்குப் போயிருக்கும், வடக்கே போனதே மறந்திருக்கும். கண் மஞ்சளாகி டாக்டரிடம் போனால் எந்தெந்த ஊர், எந்தத் தேதி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.