பில்ட்மோர் மாளிகையில் கிறிஸ்துமஸ் பார்க்கப் போகிறீர்களா?

அமெரிக்காவில் வட கரோலினாப் பக்கம் டிசம்பரில் போகிறவர்கள் ஆஷ்வில்லில் உள்ள பில்ட்மோர் மாளிகையைத் தவறவிடாதீர்கள். பெரும் செல்வந்தரான ஜார்ஜ் வாண்டர்பில்ட் 1895 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில்தான் 250 அறைகள் கொண்ட இந்த வீட்டை உறவினர், நண்பர்களுக்கு முதன்முதலாகத் திறந்துவைத்தார். அதனால் இங்கே கிறிஸ்துமஸ் வெறும் அலங்காரம் அல்ல, வீட்டின் பிறந்தநாளும்கூட.

பகல், இரவு என இரண்டு விதமாகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இரவுதான். மெழுகுவர்த்தி வெளிச்சமும் கணப்பு நெருப்பும் சேரும்போது அந்தக் காலத்து வீடு அப்படியே உயிர்பெறும். ஆனால் இரவுக்குத் தனிச் சீட்டு, உள்ளே போகும் நேரமும் குறித்துத் தருவார்கள். வார இறுதி நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பே பதிவு செய்யுங்கள்.

விருந்து மண்டபத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 70 அடி உயரக் கூரையின் கீழே ஃப்ரேசர் ஃபிர் என்ற ஊசியிலை வகையில் 35 அடி கிறிஸ்துமஸ் மரம் நிற்கும். அந்தப் பக்கத்து மலைகளுக்கே உரிய மரம் அது. நிஜ மரம் என்பதால் அருகே நின்றால் வாசனையும் வரும்.

அப்புறம், அடித்தளத்துச் சமையலறை, சலவை அறைகளையும் பாருங்கள். மேலே நடந்த விருந்துக்கெல்லாம் உழைத்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். படிகள் நிறைய, நல்ல செருப்பு அவசியம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் மின்தூக்கி வசதி பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். மலையூர்க் குளிர், கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.