ஆர்க் மோடில் புதன்கிழமை வகுப்பு

திருச்சியில் ஒரு கல்லூரியில் புதன்தோறும் மாலை 6 முதல் 8 வரை புள்ளியியல் எடுக்கிறேன். மணிக்கணக்கில் சம்பளம். மாதக் கடைசியில் பில் எழுதிக் கொடுத்தால்தான் பணம் வரும். அந்தக் கணக்கு முழுவதும் ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தி மென்பொருளின் ஆர்க் மோடில், ஒரே ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கிறது. கார்ஸ்டன் டோமினிக் என்ற வானியலாளர் 2003இல் தன் குறிப்புகளுக்காக எழுதத் தொடங்கிய கருவி இது.

2025 ஜூனில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தலைப்பின் கீழ் <2025-06-18 புதன் 18:00-20:00> என்று எழுதி, மூடும் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி, 1, சிறிய டபிள்யூ சேர்த்தேன். வாரம் ஒரு முறை என்று பொருள். கோப்பை கண்ட்ரோல்-சி அழுத்திச் சதுர அடைப்புக்குறியால் அஜெண்டாவில், அதாவது நாள்வாரியாக வேலைகளைக் காட்டும் பட்டியலில், சேர்த்ததும் எல்லாப் புதன்களிலும் வகுப்பு வந்து உட்கார்ந்தது. ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி; அன்றும் உட்கார்ந்திருந்தது. அஜெண்டாவைப் பார்த்து 4 வகுப்பு, 8 மணி நேரம் என்று பில் கொடுத்தேன். அலுவலகத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தப்பு என்னுடையதுதான். அந்தக் குறிக்கு முடிவு தேதியும் தெரியாது, விடுமுறையும் தெரியாது. செமஸ்டர் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

வகுப்புக்கென்றே ஆர்க் மோடில் ஒரு கட்டளை உண்டு. தலைப்பில் ‘புள்ளியியல் 18:00-20:00’ என்று நேரத்தோடு எழுதிவிட்டு, அடுத்த வரியில் இப்படிப் போடுங்கள்:

<%%(ஆர்க்-கிளாஸ் 2025 6 18 2025 10 29 3 35 40)>

கட்டளையின் பெயரை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். முதல் மூன்று எண்கள் தொடக்க நாள், அடுத்த மூன்று கடைசி நாள். இரண்டிலும் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசை. 3 என்பது புதன், ஞாயிறை 0 என்று வைத்து எண்ண வேண்டும். அதற்குப் பின்னால் எத்தனை எண்கள் வந்தாலும் அவை விட்டுவிட வேண்டிய வாரங்கள். 35 விநாயகர் சதுர்த்தி வாரம், 40 ஆயுத பூஜை வாரம். அந்த ஆண்டு இரண்டுமே புதன்கிழமையில் வந்தன. மொத்தம் 20 புதன், இரண்டு போக 18 வகுப்பு.

இந்த வார எண்ணில்தான் நான் இரண்டாவது முறை விழுந்தேன். வீட்டில் ஞாயிறு காலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். தீபாவளிக்கு முந்தைய நாள், அக்டோபர் 19, வகுப்பு வேண்டாம் என்று முடிவு. சுவர் காலண்டரில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் கட்டம். தீபாவளி வாரம் 43, ஆகவே 43 என்று போட்டேன். இந்தக் கட்டளை பின்பற்றும் சர்வதேச வார எண்ணிக்கையில் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. 19ஆம் தேதி 42ஆவது வாரத்தின் கடைசி நாள். 26ஆம் தேதி வகுப்பு அஜெண்டாவிலிருந்து காணாமல் போயிருந்தது. காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள், நான் லுங்கியோடு பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே கட்டளைக்குள் கிழமை எண்ணும்போது ஞாயிறு முதலாவது, வாரம் எண்ணும்போது கடைசி! யூகிக்க வேண்டாம், ஈமாக்ஸ் காலண்டரில் தேதிமேல் கர்சரை வைத்துப் பி, சி என்று தட்டினால் சரியான வார எண்ணைச் சொல்லிவிடும்.

எண்களுக்குப் பதிலாக ‘ஹாலிடேஸ்’ என்ற சொல்லையும் ஆங்கிலத்தில், முன்னால் ஒற்றை மேற்கோள் குறியோடு போடலாம். ஆனால் ஈமாக்ஸோடு வரும் விடுமுறைப் பட்டியலுக்குக் கொலம்பஸ் தினம் தெரியும், பொங்கல் தெரியாது. பட்டியலை நாமே எழுதிச் சேர்க்க வழி இருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு இரண்டு எண் போடுவது எனக்குச் சுலபமாகப்படுகிறது.

இதில் ஒரு குறை. கோப்பில் இருப்பது ஒரே பதிவு. இந்தப் புதன் எங்கே நிறுத்தினேன் என்று அந்தந்த வகுப்பின் கீழ் எழுத இடம் இல்லை. அதனால் கல்லூரி வகுப்புக்கு இப்போது வேறு வழியில் போகிறேன். வாரக் குறி எதுவும் இல்லாமல் முதல் நாளை மட்டும் எழுதி, தலைப்பில் கர்சரை வைத்து கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ், சி. எத்தனை நகல் என்று கேட்கும்: 19. எவ்வளவு தள்ளி என்று கேட்கும்: கூட்டல் குறி, 1, டபிள்யூ. அசலோடு சேர்த்து 20 தலைப்புகள் வரிசையாக வந்துவிடும். விடுமுறை நாள் இரண்டையும் கையால் அழித்துவிடுகிறேன்.

இனி ஒவ்வொரு புதனுக்கும் சொந்த இடம். ‘பாய்சான் பரவல், 2 கணக்கு மீதி’ என்று அதன் கீழே எழுதிவிட்டு, முடிந்தது என்று குறித்துவிட்டு பஸ் ஏறுகிறேன்.

நாள் வரிசை முறையில் நடக்கும் கல்லூரி என்றால் இரண்டு வழியும் உதவாது. விடுமுறை வந்தால் முதல் நாள் பாடவேளையே அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போகும். அங்கே கல்லூரிக் கையேட்டைப் பிரித்துவைத்து, ஒரே தலைப்பின் கீழ் தேதிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எத்தனை தேதி இருந்தாலும் அஜெண்டா எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அரை மணி நேர வேலை, ஒரு டம்ளர் காபி.