எதிரே வந்தவர்கள் ஏன் லைட் அடித்தார்கள்

இடது ஹெட்லைட் பல்ப் போய்விட்டது. எங்கள் பழைய காருக்கு எச்4 வகை பல்ப், 12 வோல்ட், 60/55 வாட் (ஹைபீமுக்கு 60, டிம்முக்கு 55). கனெக்டரைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கம்பி கிளிப்பைத் தள்ளினால் பல்ப் கையோடு வந்துவிடும். புதியதன் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி, பல்ப் சீக்கிரம் போய்விடும். டிஷ்யூவால் பிடித்து மாட்டினேன்.

அன்று இரவு டிம்மில்தான் போனேன். ஆனாலும் எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். ஒரு லாரிக்காரர் ஏதோ திட்டிக்கொண்டே போனார்.

வீட்டுச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்த்தேன். வலது விளக்கின் வெளிச்சம் மேல்விளிம்பில் கத்தியால் வெட்டியது போல் இருந்தது. இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறும். நாம் இடதுபுறம் ஓட்டுவதால் அப்படி. இடது விளக்கோ கலங்கிப்போய் மேலே சிதறியது. உடனே வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் திருகைத் திருப்பத்தான் கை போனது. நல்லவேளை, விளக்கை அணைத்து, சூடு ஆறியதும் ரப்பரைக் கழற்றிப் பார்த்தேன். பல்பின் உலோக வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதுகளில் ஒன்று பள்ளத்தில் உட்காரவே இல்லை! கிளிப் மட்டும் எப்படியோ மாட்டியிருக்கிறது.

சரியாக உட்கார வைத்ததும் வெளிச்சம் தானாக இறங்கியது. அப்புறமும் இரண்டு விரற்கடை உயரம் கூடுதலாகத் தெரிந்தது. அதற்குத்தான் பின்பக்கத் திருகில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று.