மண்மூடிய கோயிலைத் தேடுவதும் பதிவு செய்வதும்

2004 டிசம்பர் சுனாமி வடிந்தபின், மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் பாறையை மூடியிருந்த மணல் அகன்று கல்வெட்டுகள் வெளிப்பட்டன. திருவீழ்ச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலை அவை குறிப்பிட்டதால், இந்தியத் தொல்லியல் துறை 2005-இல் அங்கே அகழ்ந்து, பல்லவர் காலக் கோயிலையும் அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானத்தையும் கண்டது. முதலில் எழுத்து கிடைத்தது, பிறகுதான் மண்வெட்டி இறங்கியது. உங்கள் ஊரில் தேடும்போதும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஊர்ப் பெரியவர்களிடமும் ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் நிலங்களின் பெயர்களைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். இன்று கோயிலே இல்லாத இடத்துக்குக் கோயில்மேடு, சாமித்திடல் போன்ற பெயர் வழங்கினால், அந்த இடத்தை அவசியம் நடந்து பார்க்க வேண்டும். மரத்தடியில் தனியாகக் கிடக்கும் நந்தி, ஆவுடையார், வழக்கத்தைவிடப் பெரிய செங்கல் துண்டுகள், ஏரி மடையிலோ துவைகல்லாகவோ பயன்படும் எழுத்துள்ள பலகைக் கல் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள். வெளியுலகம் அறியாத கோயில் என்று நாம் சொல்வதை அந்த ஊர் பெரும்பாலும் அறிந்தே இருக்கும், சில இடங்களில் விளக்கும் ஏற்றி வரும்; ஆகவே ஊராரின் அனுமதியோடும் துணையோடும் செல்வதே முறை.

கல்வெட்டுகளைப் படமெடுப்பதில்தான் மிகுந்த பொறுமை தேவை. நண்பகல் வெயிலில் எழுத்துகள் தெரியாமல் போகும். காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் விழும்போது வெட்டின் ஆழம் நிழலாகத் தெளிந்து நிற்கும். ஒரே வரி கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிக்கொண்டு செல்வது வழக்கம் என்பதால், ஒரு படத்தின் இறுதி எழுத்துகள் அடுத்த படத்தின் தொடக்கத்திலும் வருமாறு வரிசையாக எடுங்கள், அருகில் ஓர் அளவுகோலையும் வையுங்கள். எழுத்துகளைத் தெளிவாக்க எண்ணெய், சுண்ணாம்பு, மாவு எதையும் பூசக்கூடாது. மைப்படி, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் எழுத்துகளைப் படியெடுப்பதை, பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். பழைய எழுத்தைச் சிறிது பழகிவிட்டால், 'திருமகள் போல' என்னும் தொடக்கத்தைக் கண்டதுமே முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி) என்றும், 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திரனுடையது என்றும் கண்டுகொள்ளலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு வரியை அதே கல்லில் நம் கண்ணால் படிக்கும் மகிழ்ச்சிக்காகவே இந்த எழுத்தைக் கற்கலாம் என்பேன்.

தோண்டுவது, சிலையை நகர்த்துவது, கல்லைப் பிளந்து வளரும் ஆலங்கன்றைப் பிடுங்குவது ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். வேரை இழுத்தால் அது பற்றியிருக்கும் கல்லும் சேர்ந்து பெயரும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.

சிலைத் திருடர்களும் இணையத்தைப் பார்க்கிறார்கள் என்பதால், துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் வெளியிடாதீர்கள். ஊரின் பெயர், புல எண், கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, படங்கள், பெரியவர்கள் சொன்ன செய்தி ஆகியவற்றை ஒரே கடிதத்தில் தொகுத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பி, அதன் படியைக் கிராம நிருவாக அலுவலரிடம் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.