டாலஸ் வட்டாரத்தில் ஆலங்கட்டி, டொர்னேடோ: மார்ச்சுக்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

டாலஸ் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உங்கள் கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) பெயரை மனப்பாடம் செய்யுங்கள் என்பதுதான். நாம் பிளேனோ, இர்விங் என்று ஊர்ப் பெயரில் பேசுகிறோம். டிவியிலும் ரேடியோவிலும் எச்சரிக்கை காலின், டென்டன், டாரன்ட் என்று கவுன்ட்டி பெயரில்தான் தொடங்கும். ஃபிரிஸ்கோ போன்ற ஊர் இரண்டு கவுன்ட்டியில் கிடக்கிறது. புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் என்பதால் பார்க்கர், வைஸ் என்ற பெயர்களையும் தெரிந்து வைத்திருங்கள். அங்கே அடிக்கிறது என்றால், உங்களுக்குக் காரை உள்ளே விட இன்னும் நேரம் இருக்கிறது.

'வாட்ச்' என்று வந்தால், இன்று இங்கே டொர்னேடோ (சுழல்காற்று) உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள். பல கவுன்ட்டிகளுக்குச் சேர்த்து, சில மணி நேரத்துக்கு விடுவார்கள். சமையலைத் தொடரலாம், போனைச் சார்ஜில் போடுங்கள், வெளியூர் டிரைவைத் தள்ளிப் போடுங்கள். 'வார்னிங்' என்பது வேறு. ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதன்பின் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். எங்கே ஒளிவது என்று அப்போது பேச ஆரம்பித்தால் நேரம் போதாது.

அதனால் இடத்தை இப்போதே தேர்ந்தெடுங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் நிலவறை கிடையாது. தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத, வெளிச்சுவரை ஒட்டாத அறை வேண்டும்: படிக்கட்டின் கீழ் உள்ள அலமாரி அறை, நடுவிலுள்ள பாத்ரூம். அங்கே பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டுகளை வையுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்து. பலர் மறப்பது ஷூ. காற்று ஓய்ந்த பிறகு கண்ணாடியிலும் ஆணியிலும் நடந்துதான் வெளியே வர வேண்டும். அபார்ட்மென்ட்டில் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

சீசன் மார்ச் முதல் மே வரை என்பார்கள். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கின் வறண்ட காற்றும் மோதும் மாதங்கள் அவை. ஆனால் வடக்கு டாலஸை ஈஎஃப் 3 டொர்னேடோ (0 முதல் 5 வரையுள்ள வலிமை அளவில் 3) தாக்கியது 2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு. பல வீடுகளில் டிவியில் டாலஸ் கௌபாய்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த நேரம். அத்தனை வீடுகள் சிதைந்தும் உயிர்ச்சேதம் இல்லை. கார்லண்டில் அடித்ததோ 2015-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் நெடுஞ்சாலைப் பக்கம் வாகனங்களில் இருந்தவர்கள். வார்னிங் இருக்கும்போது வண்டி எடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். மேம்பாலத்தின் கீழ் ஒதுங்குவதும் ஆபத்து: அந்த இடுக்கில் காற்றின் வேகம் கூடும், பின்னால் வருபவர்களின் வழியும் அடைபடும்.

டொர்னேடோ இல்லாமல் ஆலங்கட்டி மட்டும் சாலையில் பிடித்துக்கொண்டால், கூரையுள்ள பெட்ரோல் பங்க்கோ பார்க்கிங் கட்டடமோ பாருங்கள். எதுவும் இல்லையென்றால் சாலையை விட்டு விலகி நிறுத்தி, கட்டிகள் முன்கண்ணாடியில் விழும்படி காரைத் திருப்புங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, விரிசல் விட்டாலும் தாங்கும். பக்கக் கண்ணாடி பொடியாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு தலையைத் துணியால் மறையுங்கள்.

இனி, எனக்கு அதிகக் கவலை தருவது. நம் அம்மா அப்பா விசிட்டுக்கு வருவது பெரும்பாலும் இந்த வசந்த மாதங்களில். பகலில் அவர்கள் மட்டும் வீட்டில். நம்மூரில் ஆலங்கட்டி விழுந்தால் முற்றத்துக்கு ஓடி, பொறுக்கி வாயில் போட்டு வளர்ந்தவர்கள். இங்கே விழுவது சாத்துக்குடி அளவிலும் இருக்கும். 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த்தில் மேஃபெஸ்ட் திருவிழாக் கூட்டத்தின் மேல் அப்படித்தான் விழுந்தது. நூறு பேருக்கு மேல் காயம். இதை அவர்களிடம் கதையாகவே சொல்லுங்கள், மனதில் நிற்கும். இந்திய சிம் ரோமிங்கில் உள்ள போனில் எச்சரிக்கை வரும் என்று நம்பாதீர்கள். உள்ளூர் எண் உள்ள ஒரு பழைய போனை அவசர அறிவிப்புகளை ஆன் செய்து ஹாலில் வையுங்கள். "அபாயச் சங்கு ஊதினாலோ போன் கத்தினாலோ, கீழ் பாத்ரூம். செருப்பு போட்டுக்கோங்க. எனக்குப் போன் பண்ண நிக்காதீங்க" என்று தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஒருமுறை கூட்டிப்போய் உட்காரவும் வையுங்கள்.

சங்கைப் பற்றி ஒன்று. அது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் வீட்டுக்குள் கேட்காமல் போகலாம். டாலஸ், பிளேனோ உள்ளிட்ட ஊர்களில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சோதனைக்காக ஊதுவார்கள். அதையும் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். காருக்கு 'காம்ப்ரிஹென்சிவ்' இருந்தால்தான் ஆலங்கட்டிச் சேதத்துக்குப் பணம் வரும். 'லயபிலிட்டி', அதாவது அடுத்தவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கானது மட்டும் என்றால் வராது. வீட்டுக்குக் காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கும் முன் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) பெரும்பாலும் சதவீதக் கணக்கு. நாலு லட்சம் டாலர் கவரேஜில் இரண்டு சதவீதம் என்றால் எட்டாயிரம் டாலர் உங்கள் கையிலிருந்து. மார்ச்சுக்கு முன் கூரையையும் காரையும் தேதி தெரியப் போட்டோ எடுத்து வையுங்கள். மழை விட்ட மறுநாளே கூரை போடுகிறோம் என்று கதவைத் தட்டுவார்கள். "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்; 2019 செப்டம்பர் முதல் டெக்சஸ் சட்டப்படி அது குற்றம். நல்ல ஆள் கிடைக்க வாரங்கள் ஆகலாம். அதுவரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டு, வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், கிளெய்மில் கேட்கலாம்.